அணைத்த பிறகும்

ஜனவரி 9, வியாழன்

கனடாவில் ஒட்டாவா வந்து சேர்ந்தேன். விமான நிலையத்துக்கு மாப்பிள்ளை நெல்லையப்பன் மட்டும்தான் வந்திருந்தார். "நிவியும் வரேன்னுதான் சொன்னா அத்தை. எங்கம்மாதான் பச்ச உடம்புக்காரி இந்தக் குளிர்ல வெளிய வரக்கூடாதுன்னுட்டா" என்றார். என் மகள் எங்கே போகலாம், போகக்கூடாது என்பதை இப்போது சம்பந்தியம்மாள் முடிவு செய்கிறார். சரி.

தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. நான்தான் வந்திருக்க வேண்டும். என் பாஸ்போர்ட் காலாவதியாகியிருப்பதை என் வீட்டுக்காரர் கடைசி நேரத்தில்தான் பார்த்தார். அதைப் புதுப்பித்து வாங்குவதற்குள் திருநெல்வேலியிலிருந்து சம்பந்தி ஆவுடையம்மாள் விமானம் ஏறிவிட்டார். என் மகளின் பிரசவத்தை அவர்தான் பார்த்தார். பிரசவ லேகியம் அவருடையது, பத்தியச் சாப்பாடு அவருடையது. நான் கும்பகோணத்தில் உட்கார்ந்து போனில் படம் பார்த்தேன்.

பேத்தியைக் கையில் வாங்கினேன். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. அதைச் சொன்னேன்.

"அப்படியா மதினி? எங்க வீட்டு மூக்குன்னுல்லா நாங்க சொல்லிக்கிட்டிருக்கோம்" என்றார் சம்பந்தியம்மாள்.

மனதில் இருப்பதைச் சொல்ல இங்கே ஆளில்லை. இவருக்குப் போன் போட்டால் வீடு முழுக்கக் கேட்கும். அதனால்தான் இந்த டைரி.

ஜனவரி 10

அடுப்பு என்கிறார்கள். தீயும் இல்லை, பர்னரும் இல்லை. கறுப்புக் கண்ணாடிப் பலகையில் நான்கு வட்டம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். குமிழைத் திருப்பினால் வட்டம் மெதுவாகச் சிவக்கிறது. அவசரத்துக்குக் காபி போட முடியாது. ஓரத்தில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு வேறு. நம் ஊர் கீசரில் இருக்குமே, அது மாதிரி.

ஊரிலிருந்து நான் சுமந்து வந்த இரும்புச்சட்டி அதன் மேல் நிற்கவில்லை. அடி உருண்டை. பம்பரம் மாதிரி ஆடுகிறது. தாளிக்கிற கரண்டி கவிழ்ந்து எண்ணெய் கொட்டியது. ஈயச்சொம்பு மட்டும் ஒழுங்காக உட்கார்ந்தது.

சம்பந்தியம்மாள் ஈயச்சொம்பைப் பார்த்ததே இல்லையாம். அவருக்கு நான் விளக்கினேன். இது வெள்ளீயம். ரசத்துக்கென்றே உள்ள பாத்திரம். வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகிவிடும், புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். என் கல்யாணத்துக்கு வந்த சொம்பு. விளக்கும்போது எனக்குச் சுகமாக இருந்தது.

பதிலுக்கு அவர் அடுப்பை விளக்க வந்தார். "அடி தட்டையா, கனமா இருக்கணும் மதினி. வட்டம் எம்புட்டோ பாத்திரமும் அம்புட்டு இருக்கணும். பெறவு, இந்த அடுப்பு கொஞ்சம் கோவக்காரி. அணைச்சாலும்..."

"தெரியும் சம்பந்தியம்மா. கும்பகோணத்துலயும் கரண்ட் அடுப்பு இருக்கு" என்றேன்.

இருக்கிறதுதான். எங்கள் வீட்டில் இல்லை.

ஜனவரி 11

ரசம் கெட்டுவிட்டது. ரசம் கொதிக்கக் கூடாது. நுரை கட்டி மேலே வரும்போது இறக்கிவிட வேண்டும். நுரை வந்ததும் அணைத்துவிட்டுக் கொத்தமல்லி கிள்ளத் திரும்பினேன். அது பாட்டுக்குத் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. குமிழை முழுசாகத் திருப்பவில்லை போலிருக்கிறது.

நிவி ஒரு வாய் சாப்பிட்டாள். "என்னம்மா, புளிக்குழம்பு மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். பிறகு அத்தை வைத்த தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டாள்.

என் ரசத்துக்குப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும். இவளுக்குச் சொதி வேண்டியிருக்கிறது.

இனிமேல் குமிழ் அணைத்த நிலையில் நேராக நிற்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பலகைப் பக்கம் போவதில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கி வழிய வேண்டுமே, கண்ணாடியில் பாலும் வெல்லமும் வழிந்தால் கருகி ஒட்டிக்கொண்டு போகவே போகாதாம். "வழியாம பொங்கிக்கலாமே அத்தை" என்றார் மாப்பிள்ளை. வழியாத பொங்கல் என்ன பொங்கல் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சம்பந்தியம்மாள் அகலமான ஒரு தாம்பாளத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பால் விளிம்புக்கு ஏறும் நேரத்தில் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கித் தாம்பாளத்தின் நடுவில் வைத்தார். தூக்கிய பிறகும் பால் ஏறியது. தாம்பாளத்துக்குள் நாலு பக்கமும் அழகாக வழிந்தது. நிவி கைதட்டிக் "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினாள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது, அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். எனக்கு ஏன் அந்தத் தாம்பாளம் தோன்றவில்லை?

ஜனவரி 20

சம்பந்தியம்மாளின் வித்தை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன். இந்த வட்டம் சட்டென்று தணியாது. அதனால் அவர் எப்போதும் இரண்டு வட்டங்களைப் போட்டு வைக்கிறார், ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக. பெரிதில் கொதி வந்ததும் பாத்திரத்தைச் சின்னதற்கு மாற்றிவிடுகிறார். குமிழோடு மல்லுக்கட்டுவதே இல்லை. இழுப்பதும் இல்லை, தூக்கித்தான் வைக்கிறார், கண்ணாடி கீறுமாம்.

இன்று எனக்கு ஒரு சட்டி வாங்கக் கடைக்குப் போனோம். ஒவ்வொரு சட்டியையும் கவிழ்த்து அடியில் பஸ் அட்டையின் ஓரத்தை வைத்துப் பார்த்தார். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் "வேண்டாம், இது நடுவுல குழிஞ்சிருக்கு" என்று தள்ளிவிட்டார். கடைக்காரப் பெண் வேடிக்கை பார்த்தாள். "அத்தை கூட வந்தா ஏமாறவே மாட்டோம்மா" என்றாள் நிவி.

என்னோடு எத்தனை கடைக்கு வந்திருப்பாள். ஒருநாள் சொன்னதில்லை.

சட்டி நன்றாகத்தான் இருக்கிறது. வெண்டைக்காய் ஒட்டாமல் வதங்கியது. அவரிடம் சொல்லவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

நிவி மார்ச்சில் வேலைக்குத் திரும்புகிறாள். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் விசாவை நீட்டித்துக்கொண்டு இங்கே இருந்தால் குழந்தையைக் காப்பகத்தில் விட வேண்டாம் என்கிறாள். வீடு சின்னது, இரண்டு பேரும் இருக்க முடியாது.

"யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம். நீங்களே பேசி வச்சுக்குங்க" என்றார் மாப்பிள்ளை.

நாங்கள் இரண்டு பேரும் அவரைக்காய்க்கு நார் எடுத்தோம்.

நான்தான் இருக்க வேண்டும். பிரசவத்தை அவர் எடுத்துக்கொண்டார். குழந்தை தவழ்வதையாவது நான் பார்க்க வேண்டும். நிவி வாயைத் திறந்து "நீ இரும்மா" என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 1, சனி

என் ஈயச்சொம்பு போய்விட்டது.

காலையில் எல்லோருக்கும் தோசை. சம்பந்தியம்மாள் பெரிய வட்டத்தை முழுச் சூட்டில் வைத்துச் சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். முடித்துக் கல்லை இறக்கிவிட்டுக் குளிக்கப் போனார். நான் சொம்பைக் கழுவினேன். ஊரில் கழுவிய பாத்திரத்தை அடுப்பு மேடையில்தான் கவிழ்ப்பேன். அதே மாதிரி அந்த வட்டத்தின் மேல் கவிழ்த்தேன். குழந்தை சிணுங்கியது, போய்த் தூக்கினேன்.

திரும்பி வந்தபோது சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வாய் இருந்த இடத்தில் வாய் இல்லை. வெள்ளியாய்க் கண்ணாடி மேல் ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் சம்பந்தியம்மாள் ஈரத்தலையோடு ஓடிவந்து நான்கு குமிழையும் மாற்றி மாற்றித் திருகினார்.

"நீதான தோசை சுட்ட? அணைக்கலையாம்மா?" என்றார் மாப்பிள்ளை.

"அணைச்சேம்லா... அணைச்சேன்னுதான் நெனைக்கேன்."

"சொம்பே உருகுற அளவுக்கு மிச்சச் சூடு எப்படிம்மா இருக்கும்? ஆன்லதான் இருந்திருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். "மதினி, நீங்க சொம்ப வைக்கும்போது குமிழு எப்படி இருந்துச்சு? பாத்தியளா?"

கவனிக்கவில்லை என்றேன்.

கவனிக்கவில்லைதான். குழந்தை அழுதுகொண்டிருந்தது.

பிப்ரவரி 2

மாப்பிள்ளை ஆறிப்போன ஈயத்தைச் சுரண்டி எடுத்துக் கட்டியாக என் கையில் கொடுத்தார். கண்ணாடியில் வட்டமாக ஒரு கறை நிற்கிறது. சம்பந்தியம்மாள் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். "ஒங்க கல்யாணச் சொம்பு மதினி, நான் பாவி" என்று என் கையைப் பிடித்தார்.

பரவாயில்லை என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னேன் என்று நிவிகூட நினைத்திருப்பாள்.

பிப்ரவரி 5

அவர் சமைப்பதை விட்டுவிட்டார். "நீங்களே செய்யுங்க மதினி" என்று காய் மட்டும் நறுக்கித் தருகிறார். சமையலறை இப்போது என்னுடையது. இரண்டு வட்டமும் போட்டு மாற்றி மாற்றி வைத்து நானும் நன்றாகத்தான் சமைக்கிறேன்.

ஒரே தொந்தரவு. நான் சமைத்து முடித்ததும் அவர் எழுந்து வருகிறார். ஒவ்வொரு குமிழாகத் தொட்டு "அணைச்சாச்சு" என்று வாய்விட்டுச் சொல்கிறார். நான்கு குமிழுக்கும் நான்கு தரம். கூடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு மறுபடி வருகிறார்.

"நான்தானே அணைச்சேன், நீங்க ஏன் பாக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"எங்க அக்காளுக்கு இப்படித்தான் தொடங்கிச்சு மதினி. மொதல்ல அடுப்பு. பெறவு வீட்டுச் சாவி. பெறவு எம் பேரு."

முருங்கைக்காய் விலை இங்கே எவ்வளவு என்று கேட்டேன்.

பிப்ரவரி 8, சனி

நிவி சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி. "நீயே இரும்மா. அத்தைக்கு மறதி வருதுபோல இருக்கு. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு அடுப்ப அணைக்க மறந்தா என்ன ஆகும்? அத்தையும் அழறாங்க, உங்க மாப்பிள்ளையும் ஒரே அழுகை. ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட காட்டணும்கிறார்."

இதற்காகத்தான் காத்திருந்தேன். இவருக்குப் போன் செய்து சொன்னேன். "அப்புறமென்ன, நீ கேட்டது கிடைச்சிடுச்சுல்ல, குரல் ஏன் அப்படி இருக்கு?" என்றார்.

சளி என்றேன்.

பிப்ரவரி 11

ரசம் வந்துவிட்டது! அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரம். நுரை கட்டும்வரை காத்திருக்கக் கூடாது. ஓரத்தில் பொடிப்பொடியாக மணி கட்டும்போதே அணைத்துவிட்டு, பாத்திரத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். வட்டத்தில் மிஞ்சியிருக்கிற சூட்டிலேயே ரசம் தானாக எழும்பி நுரை கட்டி நிற்கிறது. அப்போது இறக்க வேண்டும். நிவி இரண்டு தடவை வாங்கிக் குடித்தாள். "இதுதாம்மா உன் ரசம்" என்றாள்.

இது நானே கண்டுபிடித்தது. சம்பந்தியம்மாளுக்குத் தெரியாது.

அணைத்த பிறகு குமிழைப் பார்த்துக்கொண்டே நின்றேன். குமிழ் நேராக நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அது கரண்ட் ஓடுவதைக் காட்டுகிற விளக்கு இல்லை, சூடு மிச்சமிருப்பதைக் காட்டுகிற விளக்கு. கோவக்காரி, அணைச்சாலும் என்று அவர் அன்றைக்கு ஆரம்பித்தது இதைத்தான். நான் முடிக்க விடவில்லை.

ரசத்துக்கே இவ்வளவு சூடு என்றால், முழுச் சூட்டில் ஒரு மணி நேரம் தோசை சுட்ட வட்டத்துக்கு எவ்வளவு இருந்திருக்கும்.

அன்றைக்குக் குமிழ் நேராகத்தான் நின்றது. நான் பார்த்துவிட்டுத்தான் சொம்பை வைத்தேன். பார்க்காமல் நான் எதையும் வைப்பதில்லை.

பிப்ரவரி 12

குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. சம்பந்தியம்மாள் கூடத்திலிருந்து வந்து நான்கு தரம் "அணைச்சாச்சு" சொல்லிவிட்டுப் போனார். இன்று வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

நிவி குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோனாள். மாப்பிள்ளையும் கூடப் போனார். வீட்டில் நாங்கள் இருவர்தான். "தோசை சுடுங்க சம்பந்தியம்மா, உங்க தோசை சாப்பிடணும் போல இருக்கு" என்றேன்.

"நான் அடுப்பத் தொடலை மதினி."

"நான் பக்கத்துல நிக்கறேன்."

பயந்து பயந்து சுட்டார். மாவு தீரும்வரை சுடச் சொன்னேன். கல்லை இறக்கினார். குமிழைத் திருப்பி "அணைச்சாச்சு" என்றார். அவர் கையைப் பிடித்து அங்கேயே நிறுத்தினேன். ஒரு பழைய எவர்சில்வர் மூடியை வட்டத்தின் மேல் வைத்து, ஈயக்கட்டியிலிருந்து கிள்ளிய ஒரு துணுக்கை அதில் போட்டேன்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு துணுக்கின் ஓரம் மழுங்கியது. அப்படியே உருண்டு, ஒரு சொட்டாகி மூடியில் நகர்ந்தது.

"அணைச்சுதான் இருக்கு" என்றேன். "அன்னைக்கும் நீங்க அணைச்சீங்க. நான் பாத்தேன்."

அவர் குமிழைப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். முதலில் அவருக்கு மூச்சுத்தான் வந்தது, அழுக்கு மூட்டையை இறக்கி வைத்தவர் விடுகிற மாதிரி. பிறகுதான் முகம் மாறியது.

"பாத்தியளா? அன்னைக்கே பாத்தியளா?"

"ஆமா."

"சொம்பு போனா இன்னொரு சொம்பு வாங்கலாம் மதினி. நான் என்னையவேல்லா தொலைச்சுப் போட்டுத் தேடிக்கிட்டு இருந்தேன். என்னத்துக்கு இப்படிச் செஞ்சிய?"

"உங்க மேல பொறாமை" என்றேன். "எம் பொண்ணு உங்க பின்னாடியே போறா. தாங்கல."

வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தோசையை யாரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 14

நிவியிடமும் மாப்பிள்ளையிடமும் நானே சொன்னேன். மாப்பிள்ளை எழுந்து அவர் அம்மா அறைக்குப் போய்விட்டார். நிவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அத்தை அழுதத நீயும்தானம்மா பாத்துக்கிட்டு இருந்த?"

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அத்தை இருக்கட்டும்மா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் களைப்பாகச் சொன்னாள்.

பிப்ரவரி 16

சம்பந்தியம்மாள் மறுபடி சமைக்கிறார். குமிழைத் திருப்பிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறார். என்னோடு பேச்சு இல்லை. சோற்றை மட்டும் என் தட்டில் முதலில் போடுகிறார்.

பிப்ரவரி 27

கிளம்புகிறேன். குழந்தை இன்னும் குப்புறக்கூட விழவில்லை. நான் ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழும், இவரிடம் போனில் படமாகக் காட்டுவேன்.

விமான நிலையத்துக்குச் சம்பந்தியம்மாளும் வந்தார், அந்தக் குளிரில். பை ஒன்றைக் கொடுத்தார். உள்ளே அன்றைக்கு வாங்கிய தட்டையடிச் சட்டி. "கேஸ்லயும் வைக்கலாம் மதினி" என்றார். பதினைந்து நாளில் அவர் என்னை மதினி என்றது இப்போதுதான். பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மார்ச் 9, ஞாயிறு. கும்பகோணம்

சாயங்காலம் ஆவுடையம்மாள் போன் செய்தார். அங்கே காலை. நிவி இரண்டு நாளாக ரசம் ரசம் என்கிறாளாம்.

"நீங்க வச்ச ரசம் மாதிரி வேணுங்கா. எப்படி வச்சிய மதினி?"

எல்லாம் சொன்னேன். புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, தக்காளியைக் கையால் கரைக்க வேண்டும், பருப்புத் தண்ணீர் கடைசியில். எப்போது அணைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்ச் 10

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. சட்டியில் வெண்டைக்காய் வதக்கினேன், ஒட்டவே இல்லை. அது தீய்ந்திருந்தாலாவது மனது ஆறியிருக்கும்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். "ரசம் எப்படி வந்துச்சு?"

"கொதிச்சுப் போச்சு மதினி. புளிக்குழம்புங்கா ஒங்க மக."

"நுரை கட்டுற வரைக்கும் நிக்காதீங்க. ஓரத்துல மணி கட்டும்போதே அணைச்சுட்டு அங்கேயே விட்டுடுங்க. மிச்சத்த அந்தக் கோவக்காரியே பாத்துப்பா."

அந்தப் பக்கம் சிரிப்பு.

"எந்தக் கோவக்காரி மதினி? இங்க இருக்கவளா, அங்க இருக்கவளா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவர் செய்தித்தாளை இறக்கி என்னை எட்டிப் பார்த்தார்.

மார்ச் 11

விடிந்ததும் போனைப் பார்த்தேன். நிவி செய்தி அனுப்பியிருக்கிறாள். "அத்தை ரசம் வச்சாங்கம்மா. அப்படியே உன் ரசம். ஒரு வித்தியாசமும் தெரியல."

சந்தோஷம்தான். ஒரு வித்தியாசமாவது தெரிந்திருக்கலாம்.